வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

என் வீட்டுக்காரருக்கு எதுவும் வலிக்காது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் மண்வெட்டி காலில் பட்டு நகம் பெயர்ந்தபோதும் "ஒன்னுமில்லை அம்மணி" என்றார். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது நெற்றியில் கை வைத்தால், "வெயில்ல வந்தேன், அதா" என்பார். வெளியாட்களிடம் இன்னும் மோசம். பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவரைப் பார்த்து "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று இவர் சமாதானம் சொல்வார். இதைத் தங்கமான குணம் என்று ஊரே மெச்சும். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் எரிச்சல் தெரியும்.

நான் நேரெதிர். கோயமுத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்று அளவுக் கருவிகள்தான் கையில் இருக்கும். யாராவது வந்து "கிட்டத்தட்ட சரியா இருக்குதுங்க மேடம்" என்றால் எனக்குக் கோபம் வந்துவிடும். கிட்டத்தட்ட என்று ஒரு அளவு கிடையாது. எவ்வளவு என்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படிப்பட்டவளுக்கு, எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று வாயைத் திறக்காத மனிதர் வந்து வாய்த்தார்.

அவருக்குத் தொழில் பாக்கு. மேட்டுப்பாளையத்தில் மண்டி. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பாக்கை எடுத்துக் கத்தியால் வெட்டி, உள்ளே வெள்ளையும் சிவப்பும் ஓடியிருப்பதைப் பார்த்து ரகம் சொல்வார்கள். மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மட்டும் ஒரு துண்டை வலது கடைவாயில் போட்டுக் கடித்தும் பார்ப்பார். நன்றாகக் காய்ந்த பாக்கு கடக்கென்று உடையும், ஈரம் நிற்கும் பாக்கு நசுங்கும். அந்தச் சத்தத்தை வைத்து இவர் சொன்னால் மண்டித் தெருவில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பல்லையே ஒரு கேஜாக வைத்திருந்தார். எங்கள் கம்பெனியில் கேஜைக்கூட அவ்வப்போது சோதனைக்கு அனுப்புவோம். நான் வந்த பிறகு இவர் தன் பல்லை ஒரு நாளும் யாரிடமும் காட்டியதில்லை.

போன தீபாவளிக்கு முறுக்கை டீயில் நனைத்துத் தின்றார். எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு கவனித்தேன். சோற்றை இடது பக்கமாகவே ஒதுக்கி மெல்லுகிறார். பானைத் தண்ணீரை விட்டுவிட்டு வெந்நீர் கேட்கிறார். "பல்லு வலிக்குதுங்களா?" என்றேன். "சேச்சே" என்றார். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவினால், உள்ளே ஒரு பிடி கிராம்பு இருந்தது. அவரைக் கேட்காமலே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

பீளமேட்டில் ரூட் கேனால் மட்டுமே செய்கிற ஒரு பெண் டாக்டரை உடன் வேலை செய்யும் ஒருத்தி சொல்லியிருந்தாள். சின்னப் பெண்தான், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அறைக்குள் நுழைந்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. நாற்காலிக்கு மேலே நீண்ட இரும்புக் கையில் ஒரு மைக்ரோஸ்கோப் தொங்கியது. அதில் தெரிவதை நாமும் பார்க்கும்படி எதிர்ச் சுவரில் திரை. தட்டில் கருவிகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. எங்கள் டூல் ரூமை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. கூட இருக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக இருங்கள் என்று கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள்.

விரல் அகலத்துக்கு ஒரு சென்சாரை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தாள். பிலிம் கழுவுவது, காயப்போடுவது ஒன்றும் இல்லை. கையை எடுப்பதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. வலது கீழ்க்கடைவாயில் இரண்டு பற்களைக் காட்டினாள். முன்னால் இருந்ததில் கல்யாணத்துக்கு முன்பு எப்போதோ அடைத்த வெள்ளி, அதற்கடியில் நரம்பை ஒட்டி ஒரு நிழல். பின்னால் இருந்தது படத்தில் சுத்தமாக இருந்தது.

"இந்த அடைச்ச பல்லுதானுங்களே வலிக்குது?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆமாங்க. அதாத்தான் இருக்குமுங்க," என்றார்.

அந்த 'ஆமாங்க' எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் ஒன்றைச் சொன்னபிறகு 'இல்லை' என்று சொல்வது இவருக்கு அவர் தலையில் குட்டுவது மாதிரி. ஆனால் டாக்டர் வாய்ப்பேச்சை மட்டும் நம்புகிறவள் இல்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது.

"வெளியில பார்த்து முடிவு பண்ணக்கூடாதுங்க. உள்ள நரம்பு உசுரோட இருக்குதா, செத்துப்போச்சான்னு ஒவ்வொரு பல்லாக் கேக்கோணும். குளுகுளுன்னு ஒன்னு வெப்பேன். அப்புறம் இந்த மீட்டர்ல லேசாக் கரண்ட் குடுப்பேன். கூசினாலோ வலிச்சாலோ உடனே இடது கையைத் தூக்குங்க. அதுதான் பல்லு சொல்ற பதிலு."

"சரிங்க," என்றார்.

ஒரு டப்பாவிலிருந்து பஞ்சில் எதையோ பீய்ச்சினாள். பஞ்சின் மேல் பனி பூத்தது. அதை அடைத்த பல்லில் வைத்தாள். இவர் அசையவில்லை. பின்னால் இருந்த பல்லில் வைத்தாள். அதற்கும் அசையவில்லை. பிறகு மீட்டர். பேனா மாதிரி ஒரு முனையைப் பல்லில் தொட்டதும் எண் ஒன்றிலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது. கூசுகிற இடத்தில் நோயாளி கையைத் தூக்கினால் எண் நிற்கும். நல்ல பல்லில் சீக்கிரம் நிற்குமாம். கடைசி வரை ஏறினால் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று பொருளாம். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைக் கண்டால் என் கண் வேறு எங்கும் போகாது. அடைத்த பல்லில் அது ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் முட்டியது. பின் பல்லிலும் அதே கதை. ஒப்பிட்டுப் பார்க்க இடது பக்கம் ஒரு நல்ல பல்லில் வைத்தபோதும் கை மேலே வரவில்லை. அவளே குனிந்து "கூசலீங்களா?" என்று கேட்ட பிறகு, "இருக்குதுங்க, பரவால்லீங்க" என்று சொன்னார்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். "சில பேருக்கு வயசானா மெதுவாத்தானுங்க தெரியும்," என்று என்னிடம் சொன்னாள். படத்தில் தெரிந்த நிழலும் அவர் சொன்ன 'ஆமாங்க'வும் அடைத்த பல்லைத்தான் காட்டின, மீட்டரும் அதை மறுக்கவில்லை. அதையே திறப்பது என்று முடிவானது. உதவிக்கு நின்ற பெண் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்து நீட்டினாள். எதற்கும் ஒரு தடவை என்று டாக்டர் பின் பல்லில் மறுபடி பஞ்சை வைத்தாள்.

இந்தத் தடவை பார்ப்பதற்கு எண் ஒன்றும் இல்லை. என் பார்வை கால்மாட்டிலேயே இருந்தது. பஞ்சு பட்டதும் அவருடைய இரண்டு கால் கட்டைவிரல்களும் மேல்நோக்கி விறைத்தன. பஞ்சை எடுத்தபிறகும் அப்படியே நின்றன. வலது கை வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் வயிற்றின் மேல் மரியாதையாகக் கிடந்தது.

ஊசி போட்டுவிட்டால் அந்தப் பக்கம் எல்லாப் பல்லும் மரத்துப்போகும். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் பதில் வராது. நல்ல பல்லைத் துளைத்து உயிரோடு இருக்கும் நரம்பை உருவி எறிந்துவிட்டு, வலிக்கிற பல்லோடு வீடு திரும்புவோம். வீட்டுக்குப் போய் அவர் கிராம்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு "இப்பத் தேவலை" என்பார். எனக்குத் தெரியாதா?

"டாக்டர், நிறுத்துங்க," என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவருக்கு வலிக்குது. கையைத் தூக்க மாட்டேங்கறார். காலைப் பாருங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தாள். நாற்காலியை நிமிர்த்தி, முகமூடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். "வலிச்சுதுங்களா?"

"லேசாத்தானுங்க."

"ஏனுங்க, அப்பக் கையைத் தூக்கியிருக்கலாமில்லீங்க? நாஞ் சொன்னேனில்ல?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சொல்லவே கூச்சமாக இருந்தது அவருக்கு. "வேலை செஞ்சிட்டிருக்கறவங்க மூஞ்சிக்கு நேராப் பீச்சாங்கையைத் தூக்கறதுங்களா? அதும் டாக்டரம்மாவுக்கு. நல்லா இருக்குமுங்களா?"

இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம். மண்டியில் ஒரு கையில் தராசுத் தட்டு இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு வலது கையால்தான் எதையும் நீட்டுவார். வேறு வழியே இல்லாமல் இடது கையால் கொடுக்க நேர்ந்தால், "பீச்சாங்கைங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். எங்கள் பக்கம் பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான். அந்த மீட்டரைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, இப்படி ஒருவர் வந்து படுப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மரியாதை உட்கார்ந்திருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "வார எல்லாருகிட்டயும் இதையேதானுங்க சொல்றேன்," என்றாள். "எத்தனை பேரு இப்புடிப் பல்லைக் கடிச்சிட்டுப் படுத்திருந்தாங்களோ."

வலது கையைத் தூக்கச் சொல்ல முடியாது. அவள் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம், தூக்கினால் அவள் கையிலிருக்கும் கருவி மேல் படும். அதனால் என் ஸ்டூலை அவருடைய இடது பக்கம் நகர்த்தச் சொன்னாள். "அம்மா கையைப் பிடிச்சுக்குங்க. கூசினாப் போதும், லேசா அமுக்குங்க. அவங்க எனக்குச் சொல்லுவாங்க. இதுல மரியாதைக் குறைச்சல் ஒன்னுமில்லீங்களே?"

"இல்லீங்க," என்றார். அவர் கை சில்லென்று வேர்த்திருந்தது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அடைத்த பல்லில் மீட்டரை வைத்ததும் எண் கொஞ்சம்தான் ஏறியிருக்கும், அவர் விரல்கள் என் கையை அமுக்கின. "இப்போ," என்றேன். எண் நின்றது. பனிப் பஞ்சுக்கும் அமுக்கினார், எடுத்தவுடன் விட்டுவிட்டார். அந்த நரம்புக்கு நல்ல உயிர் இருந்தது. ஓட்டையை மறுபடி அடைத்தாலே போதும் என்றாள். பிறகு பின் பல்லில் பஞ்சை வைத்தாள்.

என் மோதிரம் விரலுக்குள் இறங்கியது. "இப்போ," என்றேன். அவள் பஞ்சை எடுத்துவிட்டாள். அவர் விடவில்லை. இன்னும் விடவில்லை. வீட்டில் டம்ளர் கீழே விழுந்தால்கூட சத்தமில்லாமல் எடுத்து வைக்கிற மனிதருக்கு இத்தனை பலம் இருக்கிறதா என்று நினைத்தேன். பஞ்சை எடுத்த பிறகும் வலி நீடித்தால் அந்த நரம்பு பிழைக்காது என்று டாக்டர் சொன்னது எங்கோ கேட்டது. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. இந்த மனிதர் தனக்கு வலிக்கிறது என்று எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உதவிக்கு நின்ற பெண் பஞ்சை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

படத்தில் சுத்தமாகத் தெரிந்த பல்லில் என்ன கோளாறு என்று பார்க்க, அதன் மேல் நீலச் சாயம் ஒன்றைத் தடவிக் கழுவினாள். மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினாள். திரையில் பல் ஒரு பாறை அளவுக்குப் பெரிதாக வந்து நின்றது. அதன் குறுக்கே நீலமாக ஒரு கோடு. விரிசல். நான் எழுந்தே விட்டேன். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்க நாங்களும் சாயம்தான் தடவுவோம். எங்களுடையது சிவப்பு. அதைச் சொன்னதும் டாக்டருக்கு முகம் மலர்ந்தது. பிறகு "என்னத்தைக் கடிச்சீங்க?" என்று அவரிடம் கேட்டாள். "பாக்குங்க," என்றார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஊசி போட்டபிறகு நடந்ததையெல்லாம் நான் ஒரு நல்ல பட்டறையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பச்சை ரப்பர் தாள் ஒன்றில் ஒரு துளையிட்டு, அந்த ஒரு பல் மட்டும் வெளியே நிற்கும்படி மாட்டினாள். மருந்தோ கருவியோ தொண்டைக்குள் போகாது, எச்சிலும் பல்லுக்குள் வராது. வேர் எவ்வளவு நீளம் என்பதை ஊகிப்பதில்லை. உதட்டில் ஒரு கொக்கி, உள்ளே இறங்கும் மெல்லிய கம்பியில் இன்னொரு முனை. வேரின் நுனி நெருங்க நெருங்க அந்தப் பெட்டி பீப் பீப் என்று வேகமாக அடித்தது, நுனியைத் தொட்டதும் விடாமல் ஒலித்தது. அங்கேயே நிறுத்தி நீளத்தைக் குறித்துக்கொண்டாள். அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் பிரச்சினை என்றாள். எனக்கு அவள் மேல் பெரிய மதிப்பு வந்தது.

வேருக்குள் ராவிச் சுத்தம் செய்கிற அரம், மெல்லிய கம்பிதான், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். ஒன்றை என் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னாள். வளைந்த வேருக்குள் இப்படியே வளைந்து போகுமாம். அதைச் சுழற்றும் மோட்டாருக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். சுமை கூடினால் தானே பின்னோக்கிச் சுழன்று விலகிக்கொள்ளும், கம்பி உள்ளே உடையாது. இப்படி ஒன்று எங்கள் ட்ரில்லிங் செக்‌ஷனில் இருந்தால் எத்தனை சாமான் தப்பித்திருக்கும்! நடுநடுவே ஒரு திரவத்தைப் பீய்ச்சிக் கழுவினாள். அறையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசம்.

மூன்றாவது வேர்த் துளைக்குள் கம்பி இறங்கும்போது என் கை அமுக்கப்பட்டது. நான் வாயைத் திறக்குமுன்பே டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அந்தத் துளைக்கு மட்டும் தனியாக இன்னொரு ஊசி போட்டாள். பிறகு மூன்று துளைகளிலும் வெள்ளையாக ஒரு களிம்பை இறக்கினாள். சிமெண்ட் மாதிரிதான் அது, ஈரத்தை வாங்கிக்கொண்டே இறுகுமாம். அதோடு ஆரஞ்சு நிறக் குச்சி ஒன்று ஒவ்வொரு துளைக்கும். மரப்பாலிலிருந்து எடுக்கிற பொருளாம் அது. கடைசியாக எடுத்த படத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் நுனிவரை போய்ச் சரியாக நின்றிருந்தன. எங்கள் கம்பெனியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

நல்லவேளையாக விரிசல் வேருக்குள் இறங்கவில்லை. அடுத்த வாரம் வந்து பல்லுக்கு மேல் ஒரு தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும், அந்தப் பக்கம் பாக்கை வைக்கவே கூடாது என்றாள். "சரிங்க," என்றார். இன்றுவரை கத்தியால் மட்டும்தான் பார்க்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும்.

கார் ஓட்டியது நான். அவிநாசி ரோட்டில் வழக்கம்போல நெரிசல். அவர் மரத்துப்போன உதட்டைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். சிக்னலில் நின்றபோது திரும்பினார்.

"அம்மணி, இன்னொன்னு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"மண்டியில மாடி ஏறினா நெஞ்சுல ஒரு பாரமா வருது. நின்னாப் போயிரும். மறுபடி ஏறினா மறுபடி வரும்." நாக்குத் தடித்துக் குழறினாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "கோடையில இருந்து."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கோடை எங்கே, இன்றைக்கு எங்கே. சிகிச்சைக்கு முன்னால் அந்தப் பல் டாக்டர் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, நெஞ்சில் தொந்தரவு உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'ஒன்னுமில்லீங்க' என்றவர் இவர். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் இனி ஒருபோதும் சொல்ல மாட்டார் என்று தோன்றியது. பச்சை விழுந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினேன்.

"இன்னைக்கேவா? வாயெல்லாம் கோணலா இருக்குது. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டுங்க."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. காரை நிறுத்திய இடத்திலிருந்து அவசரப் பிரிவு வரை நடந்தோம். உள்ளே கட்டிலில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றி, மார்பில் வயர்களை ஒட்டினார்கள். பணியில் இருந்த டாக்டர் ஒரு பையன், பட்டுப்போல மரியாதையாகப் பேசினான். குனிந்து அவர் காதருகில், "இப்ப நெஞ்சுல வலி ஏதாச்சும் இருக்குதுங்களா, ஐயா?" என்று கேட்டான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"இருக்குதுங்க," என்றார். "கார்ல இருந்து நடந்து வாரப்ப வந்துச்சு. இன்னும் போகலீங்க."